எட்டுக் கேமராவும் ஒரு கப்பித்தானும்

பிலிப்பைன்ஸின் இலோயிலோ கடலோரத்தில் செல்போன் பழுது பார்க்கும் லூதிவினாவுக்கு எல்லாத் திறமையும் உண்டு, முட்டாள்களைப் பொறுத்துக்கொள்வதைத் தவிர. சுற்றிலுமுள்ள புயல் சேதத்தை ஒரே படமாக எடுக்க நகராட்சிக்கு ஒரு கருவி தேவைப்பட்டது. வெளிநாட்டுக் கருவியின் விலையைக் கேட்டே அதிகாரிகளுக்கு வாயடைத்துப் போனது. லூதிவினா செத்த போன்களின் கேமராக்களைப் பிடுங்கி, பெயிண்ட் வாளி மூடியில் வெளிப்பக்கம் பார்த்தபடி வட்டமாகப் பொருத்தினாள். ஆறு வைத்தாள், இடைவெளியில் தென்னை மரங்கள் பாதி காணாமல் போயின. ஒவ்வொரு கேமராவும் பக்கத்துக் கேமரா பார்ப்பதில் கொஞ்சத்தைத் தானும் பார்த்தால்தான் படங்களை ஒட்ட முடியும். எட்டாக்கினாள். ஒரு பொத்தானை அமுக்கினால் எட்டும் சேர்ந்து படம் பிடித்தன.

ஊர்த் தலைவர் கப்பித்தான் எமெத்தேரியோ சோதனைப் படத்தை நகராட்சிக்கு அனுப்ப வேண்டும். அது தேறினால் நாற்பது ஊருக்கும் அவள் கருவிதான். ஒன்றரை வருட உழைப்பு அந்த மனிதரின் கையில் இருந்தது, அதுதான் கொடுமை.

உடைந்த கடற்சுவருக்கு எதிரே மூங்கில் கம்பத்தில் கருவியை ஏற்றினாள். கப்பித்தான் சலவைச் சட்டையில் வந்தார். ஊர்க் குப்பைத் தொட்டியில்கூடத் தன் முகத்தை ஒட்டி வைத்திருப்பவர் அவர்.

"நடு எது, இந்தாய்?" என்று, இளம்பெண்களை அழைக்கும் ஊர் வழக்கில் கேட்டார்.

"இதுல நடுவே கிடையாது, கப்பித்தான். எங்க நின்னாலும் படத்துல விழுவீங்க. கம்பத்தடியில மட்டும் நிக்காதீங்க."

"எனக்கே சொல்லித் தர்றியா? கம்பந்தானே நடு?"

போய்க் கம்பத்தடியில் நின்று பல்லைக் காட்டினார். படத்தில் மீன்காரிகள் விழுந்தார்கள், நாய்கள் விழுந்தன, கடற்சுவரின் உடைப்பு கல் கல்லாகத் தெரிந்தது. அவரை மட்டும் காணோம்.

"நான் எங்க?"

"நடுவுல இருக்கீங்க."

மீன்காரிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள்.

"நான் இல்லாத படத்தை அனுப்பினா ஊர்ல என்ன மரியாதை? அச்சுக்கடையில சேத்துக்கிறேன்."

"உடைப்பு தெரியணும், கப்பித்தான். அதுக்குத்தான் படமே."

அவர் காதில் விழவில்லை. அச்சுக்கடைக்காரன் அவருடைய திருவிழாப் பேனர் முகத்தை எடுத்து, ஆள் இல்லாத இடமாகப் பார்த்துப் பெரிதாக ஒட்டினான். ஆள் இல்லாத இடம் கடற்சுவரின் உடைப்புதான். அப்படியே போயிற்று நகராட்சிக்கு.

மூன்றாம் வாரம் பதில் வந்தது. படத்தில் சேதம் எதுவும் தென்படவில்லை, கருவி உதவாது. கப்பித்தான் கடிதத்தை லூதிவினாவின் கடைக்கே கொண்டுவந்து அவளிடம் நீட்டினார்.

"மனசைத் தேத்திக்க, இந்தாய். உன் கேமராவுக்கு எதுவும் சரியாத் தெரியலன்னு எனக்கு அன்னைக்கே தோணுச்சு."