பஸ்ஸில் நான் சொன்ன பதில்

எழுபதுகளில் ஒருநாள் எங்கள் கிறிஸ்தவ சபை இளைஞர்கள் நாலைந்து பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். காரைக்குடிக் கடைத்தெருவில் நம் மதத்தை மட்டம் தட்டிப் பேசுகிறவர்கள் பெருத்துவிட்டார்கள், அவர்கள் வாயை அடைக்கிற மாதிரி பதில் சொல்ல எங்களுக்கு ஒரு வகுப்பு எடுங்கள் என்றார்கள். "நீங்க முன்னால பஸ்ல ஒருத்தர ஒரே போடாப் போட்டீகளாமே டீச்சர்" என்று ஒருவன் சிரித்தான். பத்து வருடம் கழித்தும் ஊரில் அது வெற்றிக் கதையாகத்தான் உலவிக்கொண்டிருந்தது. எனக்கு வந்த கோபத்தில் காபிகூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டேன். பாவம், அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை.

அறுபதுகளின் நடுவில் நான் பள்ளத்தூரில் கணக்கு டீச்சராக இருந்தேன். தினமும் காரைக்குடியிலிருந்து காலை பஸ். அதே பஸ்ஸில் ஒரு தச்சரும் வருவார். பள்ளத்தூரில் ஒரு பெரிய வீட்டுக்குக் கதவு நிலை செப்பனிடும் வேலை அவருக்கு. வேலை ஒரு வாரம் இருந்தால் இரண்டு வாரம் இருக்காது. நெற்றி நிறைய விபூதி, மடியில் உளியும் இழைப்புளியும் கிடக்கும் பை, வாயில் எப்போதும் எனக்கென்று ஒரு கேள்வி.

"கணக்கு டீச்சருங்கிறாக. ஆனா மூணு சாமியும் சேந்து ஒரு சாமிங்கிறீக. இந்தக் கணக்கத்தான் பிள்ளைகளுக்கும் சொல்லித் தாறீகளா?"

பஸ்ஸே சிரிக்கும். கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். இன்று நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது, நல்ல கேள்விதான். அன்று காது மடல் சுட்டது. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, இடப் பக்கம் அவர் கேள்வி, வலப் பக்கம் என் பதில் என்று எழுதி, பரீட்சைக்குப் படிப்பது போலப் படித்தேன். எங்கள் போதகரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "எல்லாத்துக்கும் பதில் சொல்லணும்னு இல்லம்மா. சிலதுக்குத் தெரியலைன்னும் சொல்லலாம். அந்த மனுசன் நல்லவரான்னு பாத்தீங்களா?" என்றார். போதகருக்கே படிப்பு போதவில்லை என்று நினைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். அவ்வளவு திமிர்.

மழை பொய்த்த வருடம் அது. சனிக்கிழமைகளில் எங்கள் ஆலயத்தின் பின்னறையில் இல்லாதவர்களுக்குப் பால் பவுடர் அளந்து கொடுப்போம். யாராக இருந்தாலும் கொடுப்போம். அளப்பதும் பெயர் எழுதுவதும் என் வேலை. ஒரு சனிக்கிழமை, கூட்டமெல்லாம் கலைந்த பிறகு, கைக்குழந்தையோடு ஒரு பெண் பின்வாசல் வழியாக வந்தாள். முந்தானைக்குள் கிளிப் படம் போட்ட ஒரு பழைய பிஸ்கட் டப்பா. காய்ச்சலில் கிடந்து எழுந்தவள், தாய்ப்பால் வற்றிவிட்டது என்றாள். பெயர் கேட்டேன். தயங்கினாள்.

"பள்ளத்தூர் பஸ்ல ஒங்ககிட்ட வம்பு பேசுவாகளே டீச்சர், அவுக சம்சாரந்தான் நான். எங்க ஆத்தா வீட்டு ஆடு குட்டி போட்டிருக்கு, அங்கேருந்து பால் வருதுன்னு சொல்லி வச்சிருக்கேன். இது தெரிஞ்சா அவுக மானம் போயிரும்."

"யாருக்கும் தெரியாதும்மா. நான் இருக்கேன்ல" என்றேன். பெயர் எழுதும் இடத்தில் ஒரு கோடு மட்டும் போட்டேன். ஆறு மாதம் அவளுக்கு அளந்து கொடுத்தேன். குழந்தை கண்ணுக்கு முன்னால் தேறியது. என்னைப் பார்த்ததும் பொக்கை வாயைக் காட்டிச் சிரிக்கும்.

ஒரு திங்கட்கிழமை தச்சர் நல்ல உற்சாகத்தில் இருந்தார். "ஒரு டப்பா மாவுப் பாலுக்குக் கும்பிட்ட சாமிய வித்த கூட்டந்தானே டீச்சர் ஒங்க கூட்டம்" என்றார். பஸ் சிரித்தது. என் நோட்டில் அதற்கு ஒன்றரைப் பக்கம் பதில் இருந்தது. ஆனால் நான் வாயைத் திறந்தபோது வந்தது வேறு.

"அந்த மாவுப் பாலக் குடிச்சுத்தான் ஆசாரி ஒங்க பிள்ளை ஆறு மாசமா உசுரோட இருக்கு. வீட்ல கிளி போட்ட டப்பா இருக்கும், போய்த் திறந்து பாருங்க."

அதுவரை அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அன்றுதான் முதல் தடவையாக ஆசாரி என்றேன். பின்னால் யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு பஸ் முழுக்கச் சிரித்தது, இந்தத் தடவை என் பக்கம். தச்சர் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டார். அது அவர் இறங்கும் இடம் இல்லை.

காலை முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுக்கணக்கு வேண்டாம் என்றுகூடச் சொன்னேன். மதியம் சோற்று டப்பாவைத் திறக்கும்போதுதான் அந்தப் பெண்ணின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. அதுவரை அவளை நான் நினைக்கவே இல்லை. இதை எழுத இன்றும் வெட்கமாக இருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை அவள் வரவில்லை. அடுத்ததிலும் வரவில்லை. பவுடரைப் பொட்டலம் கட்டிக்கொண்டு, விசாரித்து விசாரித்து அவள் வீட்டுக்குப் போனேன். குழந்தை இடுப்பில் இருந்தது. கன்னம் வற்றியிருந்தது.

"அடிச்சாராம்மா?"

"அடிச்சிருந்தாலும் தேவல. எங்கிட்டப் பேசுறதே இல்ல. டப்பாவக் கழுவிக் கவுத்தி வச்சுட்டுப் போனாக, அவ்வளவுதான். கஞ்சித் தண்ணிதான் குடுக்குறேன்." பொட்டலத்தை நீட்டினேன். வாங்கவில்லை. "நீங்க இனிமே இங்குட்டு வராதீக டீச்சர். அவுக ஒங்களப் பத்தி வந்து சொல்றப்பல்லாம், அந்த டீச்சர் அப்படிப்பட்டவுக இல்லைன்னு நாந்தான் சொல்லுவேன். ஒங்க சாமிய எனக்குத் தெரியாது. ஒங்களத்தான் தெரியும்."

மன்னித்துக்கொள் என்று சொன்னேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

அந்த மாதக் கடைசியில் தச்சர் மறுபடியும் பஸ்ஸில் ஏறினார். எனக்குப் பின் சீட்டில் மட்டும்தான் இடம் இருந்தது. அவர் உட்காராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார். மூணு எப்படி டீச்சர் ஒண்ணாகும் என்று ஒரே ஒரு தடவை கேட்டுவிட மாட்டாரா என்று பள்ளத்தூர் வரும் வரைக்கும் காத்திருந்தேன். தெரியலண்ணே என்று சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை.