தோட்டத்துக் கட்டைத் தொடாதீங்க

பதுளை டவுனில் பல வருடம் தபால் வேலை பார்த்த பிறகு, லுணுகலைப் பக்கம் ஒரு சின்னத் தபால் கந்தோருக்கு எனக்கு மாற்றம் வந்தது. அங்கே மொத்தம் மூன்று பேர்தான். போஸ்ட் மாஸ்டர், நான், கடிதங்களைப் பிரித்து அடுக்கும் ஒரு பெண். அவருக்கும் என் வயதுதான், நாற்பதைத் தொட்டிருந்தார். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, படித்து, அரசாங்க வேலைக்கு வந்தவர். அதே தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்தான், அப்போதும் குடியிருந்தார்.

முதல் நாள் காலை பஸ்ஸில் வந்த பையை மேசையில் கொட்டி, தோட்டத்துக் கடிதங்களை ஒரு பக்கமாகச் சேர்க்கத் தொடங்கினேன். அவர் வந்து என் கையிலிருந்தே உருவிக்கொண்டார்.

"தோட்டத்துக் கட்டைத் தொடாதீங்க மிஸ். அது என் வேல."

அவ்வளவுதான். கடிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே வந்தார். தினமும் இதே கதை. நான் மெதுவாக ஒரு பாட்டை முணுமுணுத்தால், "பாடுறதா இருந்தா வெளிய போய் பாடுங்க" என்பார். திகதி முத்திரையை நான் வலப்பக்கம் வைத்தால், திரும்பிப் பார்ப்பதற்குள் அது இடப்பக்கம் போயிருக்கும். முதல் இரண்டு வாரம் எனக்குக் கோபம்தான் வந்தது. அப்புறம் கோபத்தைவிடக் கேள்வி பெரிதாகிவிட்டது. பதினைந்து இருபது கடிதங்களை வைத்துக்கொண்டு ஒரு மனுசி அரை மணி நேரம் என்ன செய்வார்? பிரித்துப் படிக்கிறாரோ என்றுகூட நினைத்தேன்.

ஒரு நாள் பசை தேடுகிற சாக்கில் அந்தக் கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். நான் வாயைத் திறக்கும் முன்பே உள்ளேயிருந்து குரல் வந்தது. "பசை உங்க மேசையிலதான் இருக்கு."

போஸ்ட் மாஸ்டரிடம் கேட்டேன். அவர் நிமிரவே இல்லை. "நான் வந்து ஒரு வருஷமாச்சு. கட்டு நேரத்துக்குப் போகுது. அதுக்கு மேல நான் கேட்டதில்ல."

ஐப்பசி மழையில் அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் கண்டது. மூன்று நாள் வரவில்லை. தோட்டத்துக் கட்டு என் கைக்கு வந்தது. எனக்குப் பத்து நிமிட வேலை. தோட்டத்திலிருந்து பை எடுக்க வந்த ஆளிடம் கொடுத்துவிட்டு, இதற்குத்தானா இவ்வளவு பாடு என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் தோட்டத் தொழிலாளி ஒருவர் பிரித்த கடிதத்தோடு ஜன்னலில் வந்து நின்றார்.

"பெரட்டுல என் பேரச் சொல்லிக் கூப்பிட்டுக் குடுத்தாங்க மிஸ். பிரிச்சுப் பாத்தா கண்ணு ஆப்பரேசனுக்கு வரச் சொல்லியிருக்கு. எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு."

காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற இடத்தில்தான் கடிதங்களையும் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். கூப்பிட்ட பெயருக்கு இவர் கையைத் தூக்கியிருக்கிறார். உறையைப் பார்த்தேன். பெயரும் முதலெழுத்தும் தோட்டமும் இருந்தன, வேறொன்றும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நாள் நாளை மறுநாள். இதே பெயரில் தோட்டத்தில் இன்னும் எத்தனை பேர் என்று கேட்டேன். "இருக்காங்க, நெறைய" என்றார்.

சாயந்தரம் த்ரீவீலர் பிடித்து, காய்ச்சலில் கிடந்தவருடைய லயத்துக்குப் போனேன். கம்பளியைப் போர்த்திக்கொண்டு அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தார். ஏச்சு விழும் என்று தயாராகத்தான் போயிருந்தேன். அவர் உறையை வாங்கிப் பார்த்துவிட்டு, தலைமாட்டிலிருந்து ஒரு பழைய கொப்பியை எடுத்தார். ஒரு பக்கம் முழுக்க அந்த ஒரே பெயர்தான், ஏழு தடவை. ஒவ்வொன்றுக்கும் நேரே லயத்தின் எண், அதில் குடியிருக்கும் காம்பராவின், அதாவது அறையின், எண், பிறகு ஒரு குறிப்பு. காது கேக்காதவர். மகன் கட்டாரில். கோழிக்குச் சண்டை போட்டவர். சிரிக்காதவர். பொண்டாட்டி விட்டுட்டுப் போனவர்.

தினமும் அந்தக் கதவுக்குப் பின்னால் கொப்பியைப் பார்த்து, ஒவ்வொரு உறையின் மூலையிலும் பென்சிலால் லயம், காம்பரா எண்களைப் போட்டிருக்கிறார். யாருக்கு என்று சந்தேகம் வந்தால் அனுப்பிய இடத்தையும் கையெழுத்தையும் வைத்துக் கண்டுபிடித்திருக்கிறார்.

"இத முன்னமே சொல்லியிருந்தா நானும் பாத்து எழுதியிருப்பேனே."

"உங்களுக்கு முன்ன இருந்த கிளார்க்குகிட்ட காட்டினேன். அடுத்த நாளே ஜன்னல்ல வந்து நின்ன ஆள, பொண்டாட்டி விட்டுட்டுப் போனவரே வாங்கன்னு கூப்பிட்டாரு. லைன்ல நின்ன சனம் எல்லாம் சிரிச்சிச்சு. அந்த மனுசன் அதுக்கப்புறம் கந்தோர் பக்கமே வரல. மகதான் வந்துட்டுப் போறா."

அந்தக் குறிப்புகளைப் படித்தபோது எனக்கும் உதட்டோரம் சிரிப்பு வந்திருந்தது. அவர் அதைப் பார்த்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

"கண்ணுல பூ விழுந்தவரு மேல் லயம், கடைசிக் காம்பரா. வேலைய விட்டு ரொம்ப நாளாச்சு, பெரட்டுக்கு எப்படி வருவாரு?" என்று எழுந்தார். வேண்டாம் என்று சொன்னேன், கேட்கவில்லை. கம்பளியோடேயே முன்னால் நடந்தார்.

அந்தப் பெரியவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். கடிதத்தை வாசித்தேன். திரும்பவும் வாசிக்கச் சொன்னார். பிறகு திகதியை மட்டும் இன்னொரு தடவை. "ஒரு வருசமா இதத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றார். மருமகள் உள்ளே போய், பஸ்ஸில் போகும்போது போட அவருக்கு ஒரு நல்ல சட்டை இருக்கிறதா என்று தேடத் தொடங்கினாள்.

இரண்டு மாதம் கழித்துக் கறுப்புக் கண்ணாடியோடு அவரே கந்தோருக்கு வந்தார். ஜன்னல் வழியாக என்னை உற்றுப் பார்த்தார். "நீங்கதானா வாசிச்சது? கொரல வச்சு நல்ல குண்டா இருப்பீங்கன்னு நெனச்சேன்." பின்னறையிலிருந்து அந்தப் பெண்ணின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அதன் பிறகு நாங்கள் சிநேகிதிகள் ஆகிவிட்டோம் என்று சொல்ல முடியாது. முத்திரைச் சண்டை அப்படியே இருந்தது. ஆனால் பின்னறையில் எனக்கும் ஒரு ஸ்டூல் போட்டார். நான் உறையை வாசிக்க, அவர் பெரும்பாலும் கொப்பியைத் திறக்காமலே எண்ணைச் சொல்வார். ஒரு தடவை அவர் சொன்ன எண் தவறி, கடிதம் திரும்பி வந்தது. அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள் காலை, "அஞ்சு இல்ல, எட்டு. பொங்கலுக்கு முந்தியே காம்பரா மாறிட்டாங்களாம்" என்று மட்டும் சொன்னார்.

இத்தனை பேரைப் பற்றி எப்படித் தெரிந்துகொண்டீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன்.

"பீலியில தண்ணி புடிக்க நிக்கிறோமே மிஸ், அங்க என்னதான் பேசாம இருக்காங்க?" என்றார்.

அந்தப் பீலியை ஒரு நாள் போய்ப் பார்க்கவேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார், வாயைத் திறக்காமல் நிற்பதாக இருந்தால்.