நான்காவது செடிக்கும் ஊற்றிய பூ மருந்து

வளர்ந்த ஒருவர் வீட்டில் மூன்று கஞ்சாச் செடி வைத்திருக்கலாம் என்கிறது ஜெர்மன் சட்டம். எங்கள் தொட்டியில் நான்கு செடிகள் நின்றன. நான்காவது கறிவேப்பிலை. யாராவது எண்ண வந்தால் காட்டுவதற்காகச் சட்டத்தின் அந்தப் பக்கத்தை அச்செடுத்து, பிளாஸ்ரிக் உறையில் போட்டு, அறைக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டியிருந்தேன். ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கிய நாளிலிருந்து கையில் கடதாசி இல்லாமல் நான் எங்கும் போனதில்லை. ஒருவரும் எண்ண வரவில்லை. அது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

கெல்சென்கிர்ச்சனில் ஒரு களஞ்சியத்தில் இருபத்தாறு வருடம் பெட்டி தூக்கினேன். நாரி போய்விட்டது, குனிந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். டொக்டர் தந்த குளிசைகள் நாரியை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டன. கஞ்சா எடுத்தபோது வலி போகவில்லை. ஆனால் வலியோடு சண்டை பிடிக்காமல் ஒரு மணித்தியாலம் கதிரையில் இருக்க முடிந்தது. சட்டமும் வந்துவிட்டது, நானே வளர்க்கலாம் என்று முடிவெடுத்தேன்.

தொட்டி என் மனைவியுடையது. சில்லுப் பூட்டிய பெரிய துணித் தொட்டி. கோடையில் பால்கனியில் நிற்கும், ஒக்ரோபரில் பின் அறைக்கு வரும். அதன் நடுவில் அவளுடைய கறிவேப்பிலை மரம் என் தோள் உயரத்துக்கு நின்றது. தயிர்க் கோப்பையில் ஒரு விரல் நீளக் கன்றாக வந்து, பத்தொன்பது வருடம் வளர்ந்த மரம். மண்ணும் அவள் செய்ததுதான். உக்கின இலை, புழு எரு, இடித்த முட்டைக்கோது, கிழமைக்கு ஒருமுறை மீன் கழுவின தண்ணீர். இந்த நகரத்துத் தமிழ்க் குசினிகளில் பாதி அவளுடைய இலையில்தான் தாளிக்கின்றன. ஆட்கள் அவளைக் கறிவேப்பிலை அக்கா என்பார்கள். என்னைக் கறிவேப்பிலை அக்காவின் மனுசன் என்பார்கள்.

அவளிடம் மூன்று மூலைகள் கேட்டேன்.

"லைட் போடுவியளோ?" என்றாள்.

"ஓம், நல்ல லைட்."

"அப்ப என்ர மரத்துக்கும் வெளிச்சம். வையுங்கோ. ஆனா மண்ணில கை வைக்கக்கூடாது. மண் என்ர பாடு."

செடி வளர்ப்புச் சாமான்கள் விற்கும் கடையில் நரைத்த பின்னலோடு ஒரு ஜெர்மன் பெண் இருந்தார். தொட்டியின் படத்தைக் காட்டி, மண்ணில் என்ன இருக்கிறது என்று சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நெடுநேரம் பார்த்தார். இதற்குப் பெயர் உயிர் மண் என்றார். செடிக்குத் தீனி போடத் தேவையில்லை, மண்ணில் இருக்கிற புழுவுக்கும் பூஞ்சைக்கும் போட்டால் அவை செடிக்குக் கொடுக்கும் என்றார். வீட்டில் வந்து சொன்னேன்.

"உதுக்கு ஒரு பேரும் வைச்சிட்டினமோ?" என்று கேட்டுவிட்டு மனைவி வெங்காயம் வெட்டப் போனாள்.

செடிகள் பூக்கத் தொடங்கின. அந்தக் கிழமை டோர்ட்மண்டில் இருக்கிற அண்ணை தன் செடிகளின் படத்தை அனுப்பினார். எனக்கு மூன்று வயது மூத்தவர், கோயில் நிர்வாகத்தில் எனக்குப் பழக்கம். அவர் மண்ணே இல்லாமல், போத்தல் மருந்திலேயே வளர்க்கிறவர். பதிலுக்கு என் படத்தை அனுப்பினேன். உடனே அழைத்தார்.

"தம்பி, உங்கட பூ உள்ளிப்பல் மாதிரியெல்லோ கிடக்கு. ஒண்டும் குடுக்கிறேல்லையோ?"

மறுநாளே கடைக்குப் போய், பூவைப் பெருக்க வைக்கும் பூ மருந்து கேட்டேன். அந்தப் பெண் தரவில்லை. இந்த மண்ணுக்கு அது வேண்டாம், மேலே ஒரு கை எரு தூவிவிட்டுப் பொறுமையாக இருங்கள் என்றார். நான் திரும்பி வரும் வழியெல்லாம் அவரைச் சந்தேகப்பட்டேன். எங்கள் ஆட்களுக்கு மருந்து எழுதாத டொக்டர் டொக்டரே இல்லை. பிள்ளை மூன்று நேரமும் சோறு தின்றாலும், ஒரு போத்தல் ரொனிக் கொடுக்காவிட்டால் பிள்ளை வளர்க்கத் தெரியாத தாய் தகப்பன் என்பார்கள். கடை வைத்திருந்துகொண்டு விற்கமாட்டேன் என்கிற மனுசியை நான் எப்படி நம்புவது?

போத்தல் தபாலில் வந்தது. லேபிளில் ஒரு பூ, என் கை முஷ்டியை விடப் பெரிதாக. மனைவி முதியோர் இல்லத்துக் குசினியில் வேலை செய்கிறவள். அவள் பஸ் ஏறியதும் கலந்தேன். ஒரு லீற்றருக்கு ஒரு மூடி என்று போட்டிருந்தது. ஜெர்மன்காரர் எதையும் குறைத்துத்தான் எழுதுவார்கள் என்று இரண்டு மூடி விட்டேன். மூன்று செடிகளுக்கும் ஊற்றிவிட்டு நிமிர்ந்தால், நடுவில் கறிவேப்பிலை நிற்கிறது. பந்தியில் நாலு பேர் இருக்க மூன்று பேருக்கு மட்டும் பரிமாறி நான் பழகவில்லை. அதற்கும் ஒரு குவளை ஊற்றினேன். பத்து நாளில் மூன்று தடவை இப்படி நடந்தது.

மூன்றாம் தடவைக்கு அடுத்த நாள் காலை, புழுக்கள் தொட்டியை விட்டு இறங்கி நிலத்தில் செத்துக் கிடந்தன. பதினொன்று. கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடித்தேன்.

என் செடிகளின் இலை நுனிகள் கருகின. பூ அதே உள்ளிப்பல்தான். கறிவேப்பிலையின் கொழுந்துகள் மஞ்சளாகின, நரம்பு மட்டும் பச்சையாக. பிறகு இலை கொட்டத் தொடங்கியது. மனைவி ஒரு பிடி மண்ணை எடுத்து மூக்கருகே பிடித்தாள்.

"மண் மணக்கேல்லை," என்றாள். "இஞ்சேருங்கோ, ஏதும் ஊத்தினனீங்களோ?"

"தண்ணிதான்," என்றேன்.

அவள் நம்பினாள். என்னைச் சுட்டது அதுதான். நம்பிவிட்டு, பிழையைத் தன்னிடம் தேடினாள். போன மாதம் வாங்கிய மீனில் உப்பு இருந்திருக்கும், அந்தத் தண்ணீரை ஊற்றி மரத்தைக் கெடுத்துவிட்டேன் என்றாள். இலை கேட்டு வந்தவர்களிடம் வாசலில் நின்று, "என்ர பிழை பிள்ளை, மீன் தண்ணி கூடிப்போச்சு," என்று சொல்லி அனுப்பினாள். ஒவ்வொரு காலையும் கொட்டிய இலைகளைப் பொறுக்கி ஒரு கிண்ணத்தில் சேர்த்தாள். காய்ந்த இலையை எறிய மனம் வரவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடேயே மூன்று நேரமும் சாப்பிட்டேன்.

கடைசியில் திரும்பவும் கடைக்குப் போனேன். படத்தைப் பார்த்ததும் அந்தப் பெண், என்ன ஊற்றினீர்கள் என்று கேட்டார். அவரிடம் மட்டும் உண்மை சொன்னேன். ஜெர்மன் மொழியில் குற்றத்தை ஒப்புக்கொள்வது எனக்குச் சுலபம், படிவம் நிரப்புகிற மாதிரி. அந்தப் போத்தலில் இருப்பது பெரும்பாலும் பொஸ்பரஸ் என்றார். அது கூடினால் வேர் இரும்பை எடுக்காது, வேருக்கு உதவும் பூஞ்சையும் ஒதுங்கிவிடும். போத்தலில் வளர்கிற செடியென்றால் கழுவி விடலாம். உங்கள் மண் போட்டதையெல்லாம் வைத்துக்கொள்ளும். மரத்தைக் கிளப்பி, வேரைக் கழுவி, புது மண்ணில் வையுங்கள். உங்கள் மூன்று செடிகளின் வேர்களும் மரத்தின் வேர்களோடு பின்னிக் கிடக்கும், அவற்றை மறந்துவிடுங்கள் என்றார். அறுவடைக்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது.

வீட்டுக்கு வந்து போத்தலைக் கொண்டுபோய்க் குசினி மேசையில் வைத்தேன்.

"மீன் தண்ணியில்லை. இதுதான். நான்தான் ஊத்தினனான்."

அவள் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மரத்துக்குமோ?"

"ஓம்."

"ஏன்?"

"அதுக்கு மட்டும் ஊத்தாம விட ஒரு மாதிரி இருந்தது."

அவள் எழும்பிப் பின் அறைக்குப் போனாள். ஏசியிருந்தால் நான் தப்பியிருப்பேன். என் மூன்று செடிகளையும் நானே அடியோடு வெட்டினேன். இருவரும் மரத்தைக் கிளப்பி, குளியல் தொட்டியில் வைத்து, மெல்ல ஓடுகிற தண்ணீரில் வேரைக் கழுவினோம். குனிந்து நின்றதில் நாரி உயிரை எடுத்தது, நான் வாய் திறக்கவில்லை. கொப்பெல்லாம் வெட்டி, முழங்கால் உயரக் கட்டையாகப் புது மண்ணில் நட்டாள். கெல்லரில், வீட்டுக்குக் கீழே நிலவறையில், ஒரு வாளி பழைய எரு இருந்தது. மருந்து படாமல் மிஞ்சியது அதுதான். அன்றிலிருந்து அவள் என்னோடு கதைத்தது சாப்பிட வாங்கோ என்பது மட்டும்தான்.

இரண்டு கிழமை கழித்து டோர்ட்மண்ட் அண்ணை வந்தார். அவருடைய மனைவி இலை வாங்கிவரச் சொன்னாவாம். கட்டையைப் பார்த்துத் திகைத்துப்போனார்.

"என்ன தங்கச்சி, மரத்துக்கு என்ன நடந்தது?"

"என்ர பிழை அண்ணை," என்றாள் மனைவி. "மீன் தண்ணி கூடிப்போச்சு."

நான் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். எல்லாம் தெரிந்த பிறகும், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், என் பிழையைத் தன் தலையில் போட்டுக்கொண்டு அவருக்குத் தேத்தண்ணி ஊற்றுகிறாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"இல்லை அண்ணை," என்றேன். "நான் பூ மருந்து ஊத்தினனான். அவவிட்டைப் பொய்யும் சொன்னனான்."

அண்ணை கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவசரமாகக் குடித்துவிட்டு, கோயிலில் கூட்டம் இருக்கிறதென்று எழும்பினார். அன்று கூட்டம் இல்லை.

அவர் போன பிறகு மனைவி குசினிக்குள் மீன் கழுவும் சத்தம் கேட்டது. பல நாட்களாகக் கேட்காத சத்தம்.

"இஞ்சேருங்கோ, வாங்கோ."

போனேன். மீன் தண்ணீர்ச் சட்டியை என் கையில் தந்தாள். பத்தொன்பது வருடத்தில் அந்தத் தண்ணீரை அவள் வேறு ஒருவரையும் ஊற்றவிட்டதில்லை.

"ஊத்துங்கோ," என்றாள். "மெல்ல. நான் பாத்துக்கொண்டு நிக்கிறன்."

கட்டையைச் சுற்றி மெல்ல ஊற்றினேன். கடைசிச் சொட்டு விழும்வரை அவள் பக்கத்தில் நின்று பார்த்தாள்.