கிளறிற்றா கேட்ட இரண்டாம் சுற்று

மேர்வினின் கடை லண்டன் கிங்ஸ்பரியில் பஸ் தரிப்புக்கு எதிரே இருந்தது. பால், பாண், தொலைபேசி அட்டை, லொத்தர், பியர் எல்லாம் அதற்குள் அடக்கம். வைனும் இருந்தது, கல்லாவுக்குப் பக்கத்துத் தட்டில். மொத்த விற்பனைக் கடையில் அந்தக் கிழமை எது மலிவோ அதை மேர்வின் அள்ளிக்கொண்டு வந்து அடுக்குவார். அந்தத் தட்டைக் காணும்போதெல்லாம் அவருடைய மனைவி கிளறிற்றாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மன்னார்ப் பேசாலையில் பிறந்து, இருபத்திரண்டு வயதில் பிரான்சுக்குப் போனவள் அவள். பொர்தோ நகருக்கு வெளியே, வைனைப் போத்தலில் அடைக்கும் தொழிற்சாலை ஒன்றில் பதின்மூன்று வருடம் நின்றாள். உண்மையிலேயே நின்றாள், அங்கே கதிரை கிடையாது. ஓடும் பட்டியில் வரும் போத்தல்களில் லேபிள் கோணலாக இருந்தால் எடுத்து ஒதுக்க வேண்டும். பக்கத்தில் நின்று மூடிகளைப் பார்த்தவள் யாழ்ப்பாணத்துக் குருநகரைச் சேர்ந்த எமில்டா. பல வருடம் இருவருக்கும் போத்தலின் வெளிப்புறத்தோடுதான் வேலை. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, மேற்பார்வை பார்த்த பிரெஞ்சு மனுசி இரண்டு கிளாசில் ஒரு வாய் ஊற்றிக் கொடுத்தாள். எமில்டா முகத்தைச் சுளித்தாள். கிளறிற்றா இன்னொரு வாய் கேட்டாள்.

பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று குடும்பம் லண்டன் வந்தது. அந்த ஆசையில் ஐரோப்பாவிலிருந்து பெட்டி கட்டியவர்கள் ஏராளம். எமில்டாவும் வந்து கிழக்கு லண்டனில், செவன் கிங்ஸில் குடியேறி, முதியோர் இல்லமொன்றில் வேலை எடுத்தாள். கிளறிற்றா கடையில் நின்றாள். இங்கேயும் உட்கார நேரம் குறைவுதான்.

2009 இலையுதிர் காலத்தில் அவள் வைன் பற்றிய மாலை வகுப்பொன்றில் சேர்ந்தாள். தமிழ்ப் பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்கும் இடத்துக்கு அந்தச் செய்தி அவளுக்கு முன்னமே போய்விட்டது. "மேர்வின்ர மனுசி குடிக்கப் படிக்கிறாவாம்" என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்ததும், கிளறிற்றா கோப்பையோடு நேரே அவளிடமே போனாள். "ஓமக்கா. செவ்வாய்க்கிழமைகளில. நீங்களும் வாங்கோவன்."

பிறகு மேர்வினிடம் அந்தத் தட்டைத் தனக்குத் தரும்படி கேட்டாள். தான் தெரிந்தெடுத்த வைனை அதில் வைத்து விற்க வேண்டும். அந்த வருடம் மே மாதம் ஊரில் நடந்த பேரழிவுக்குப் பிறகு தமிழ்ச் சனம் மண்டபம் எடுத்துக் கொண்டாடுவதை விட்டிருந்தது. நத்தாருக்கு நாலைந்து பேராக வீட்டிலேயே கூடுவார்கள், அப்போது ஒரு நல்ல போத்தலாகத் தேடுவார்கள் என்பது அவளுடைய எண்ணம்.

"எங்கட சனத்துக்கு எல்லா வைனும் ஒண்டுதான்," என்றார் மேர்வின். "லேபிளைக் கழட்டினால் உமக்கே பிடிபடாது."

"கழட்டிப் பாப்பமே?"

பந்தயம் அங்கே தொடங்கியது. மூன்று சிவப்பு வைன்கள். ஒன்று கிளறிற்றா தெரிந்தெடுத்த பொர்தோ. ஒன்று மேர்வினின் மலிவு வைன். எண்ணிக்கைக்கு மூன்றாவதாக, விநியோகிப்பவர் மாதிரிக்கென்று சும்மா தந்துவிட்டுப் போன பொஜொலே என்ற வேறொரு பிரெஞ்சு வைன். அதை அவள் திறந்துகூடப் பார்க்கவில்லை. எது எதுவென்று தெரியாமல் நண்பர்கள் குடித்துச் சொல்ல வேண்டும். பொர்தோ முதலாவதாக வந்தால் தட்டு கிளறிற்றாவுக்கு. வராவிட்டால் மேர்வின் அதில் நத்தார் பிஸ்கற் ரின் அடுக்குவார்.

நண்பர்கள் என்றால் எமில்டாவும், வெம்பிளியில் இருக்கும் தவராசா, சுசிலா தம்பதியும். தவராசா ஜெர்மனியிலிருந்து வந்து குழாய் வேலை செய்பவர். எல்லாரையும் வீட்டுக்குக் கூப்பிடலாம்தான். கூப்பிட்டால் குடிக்க வேண்டும், குடித்தால் காரை எடுக்க ஏலாது, செவன் கிங்ஸுக்கு ஞாயிற்றுக்கிழமை ரயிலில் போய்ச் சேர்வதற்குள் குடித்தது இறங்கிவிடும். ஆகவே கணினியில் ஸ்கைப். அதிலும் ஒரு சிக்கல்: முகம் பார்த்துப் பேச ஒரு நேரத்தில் ஒரு வீடுதான் வரும். கிளறிற்றா மகள் துஷ்யாவின் கணினியையும் வாங்கி, தன்னுடையதற்குப் பக்கத்தில் மேசையில் நிறுத்தினாள். ஒன்றில் வெம்பிளி, மற்றதில் செவன் கிங்ஸ். தவராசா இருமினால் எமில்டா திரும்பிப் பார்த்தாள்.

மேர்வின் சின்னக் கண்ணாடிப் போத்தல்களில் வைனை நிரப்பி, மின்சார வேலைக்குப் பாவிக்கும் ஒட்டு நாடாவைச் சுற்றியிருந்தார். சிவப்பு, நீலம், மஞ்சள். எந்த நிறத்துக்குள் எது என்பது அவருக்கு மட்டும் தெரியும். ஞாயிறு காலைப் பூசையில் எமில்டாவின் பையிலும், திரும்பி வரும் வழியில் வெம்பிளியில் சுசிலாவின் கையிலும் போத்தல்கள் சேர்ந்தன.

பின்னேரம் திரை தெளிந்தபோது சுசிலா ஒரு பெரிய கோப்பையோடு உட்கார்ந்திருந்தாள். அது நிறைய ஆட்டிறைச்சி ரோல்ஸ்.

"அக்கா, அதை உள்ளுக்கு வைச்சிட்டு வாங்கோ," என்றாள் கிளறிற்றா.

"என்ன பிள்ளை, வெறும் வாயோடயே குடிக்கிறது?"

"பாண் துண்டு வைக்கச் சொன்னனான்தானே. உறைப்புப் பட்டால் வாய் பழுதாப் போயிடும்."

"பாணோட வைன் குடிக்க நாங்கள் என்ன பூசையிலயே நிக்கிறம்?" என்றாள் எமில்டா.

"எனக்கெண்டால் ஆசுப்பத்திரியில படுத்திருக்கிற மாதிரிக் கிடக்கு," என்றார் தவராசா. ஆனாலும் கோப்பை உள்ளே போனது. கிளறிற்றா சொன்னால் சொன்னதுதான் என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

முதலில் சிவப்பு நாடா. இனிப்பும் கனமும். எமில்டா இருமல் மருந்து என்றாள். அடுத்து மஞ்சள். கிளறிற்றா ஒரு வாய் எடுத்து, நாக்கில் உருட்டி, பக்கத்தில் கைகட்டி நின்ற மேர்வினைத் திரும்பிப் பார்த்தாள்.

"தண்ணி. உங்கட மலிவுச் சாமான் இதுதான்."

மேர்வின் முகட்டைப் பார்த்தார்.

கடைசியாக நீலம். வாய் நிறைந்தது, விழுங்கிய பிறகும் ருசி நின்றது. கிளறிற்றா மற்றவர்களைப் பார்த்தாள். தவராசா கிளாசை வெளிச்சத்துக்குப் பிடித்து, "இது ஆள் வேறை," என்றார். சுசிலாவுக்கும் நீலம். எமில்டாவுக்கும் நீலம்.

மேர்வின் பெருமூச்சு விட்டார். "சரி. நீலம்தான் உம்மட பொர்தோ. தட்டை எடும்."

சுசிலா கை தட்டினாள். தவராசா அதற்குள் குசினிக்குப் போய் ரோல்ஸோடு திரும்பிவிட்டார். ஒன்றைக் கடித்து, மென்று, வெற்றி பெற்ற நீலத்தில் ஒரு வாய் குடித்தார். முகம் மாறியது.

"தங்கச்சி, இது என்ன, கசக்குது? தொண்டையும் எரியுது."

"பைற்ஸோட குடிச்சால் அப்பிடித்தான் அண்ணை. அது கணக்கில இல்லை."

"கணக்கில இல்லாட்டில் ஆருக்கு விக்கப் போறீர்?"

அவர் பகிடியாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு மஞ்சளை எடுத்துக் குடித்து, "இது பறவாயில்லை," என்று அடுத்த ரோலைக் கடித்தார். ஆனால் கிளறிற்றாவின் கை கிளாசில் அப்படியே நின்றது. அவளுடைய தட்டுக்கு முன்னால் நிற்கப்போகும் சனத்தை அவள் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தாள். கடிக்க ஏதும் பைற்ஸ் இல்லாமல் கிளாசைத் தொடும் ஒருவரையும் அவளுக்குத் தெரியாது. பொரித்த கடலை, டெவில் இறால், ரோல்ஸ், நண்டுக் குழம்பு. பாண் துண்டோடும் பச்சைத் தண்ணியோடும் வைனை ருசி பார்ப்பது பிரெஞ்சு மனுசி காட்டித் தந்த வழி. அந்த மனுசி கிங்ஸ்பரிக்கு வந்து போத்தல் வாங்கப் போவதில்லை.

"இன்னொரு சுற்று," என்றாள். "பைற்ஸோட."

"எடி, நீ வெண்டிட்டாய்," என்றாள் எமில்டா.

"வெண்டது பாணோட."

மேர்வின் கதிரையை இழுத்து உட்கார்ந்தார். இப்போதுதான் அவருக்கு உற்சாகம் வந்தது. "இதில நீலம் தோத்தால்?"

"தட்டு உங்களுக்கு."

"பிறகு கதைக்கக் கூடாது."

"நான் எப்ப கதை மாத்தினனான்?"

நீலம் எதுவென்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டதால் புதிய ஒழுங்கு செய்தாள். ஒவ்வொரு கிளாசின் அடியிலும் அந்தந்தப் போத்தலின் நாடாத் துண்டை ஒட்ட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கிளாசுகளை இடம் மாற்ற வேண்டும். ரோல்ஸைக் கடித்துக் கடித்து மூன்றையும் குடித்து, பிடித்ததைத் தூக்கி அடிப்பக்கத்தை கமெராவுக்குக் காட்ட வேண்டும். எமில்டாவிடம் ரோல்ஸ் இல்லை. முந்தின நாள் சமைத்த டெவில் இறால் இருந்தது, சூடாக்கிக்கொண்டு வந்தாள். மேர்வின் கடையிலிருந்து கொண்டுவந்த மிக்சர் பைக்கற்றை உடைத்து மனைவிக்கு முன்னால் கொட்டினார். "உறைப்பானதாப் பாத்துத்தான் எடுத்தனான்."

கிளறிற்றா ஒரு பிடி மிக்சரை மென்றாள். நாக்கில் மிளகாய் ஏறியது. முதல் கிளாஸ் மிளகாயோடு சண்டைக்கு நின்றது. அதுதான் தன்னுடைய பொர்தோ என்று நிறம் பாராமலே தெரிந்தது. அத்தனை வருடமாக அவள் நல்லதென்று எண்ணியிருந்த அந்த இறுக்கம் இப்போது நாக்கைப் பிடித்து இழுத்தது. இரண்டாவது சீனிப் பாணியைப் போல ஒட்டியது. மூன்றாவது உறைப்பை அணைத்து, பழ வாசத்தோடு இறங்கி, இன்னொரு பிடி மிக்சர் கேட்டது. அவளுடைய கையும் தானாக அந்தக் கிளாசுக்கே திரும்பிப் போனது.

அது மஞ்சளாகத்தான் இருக்கும். அதை மலிவுச் சாமான் என்று சற்று முன்தான் சொல்லியிருந்தாள்.

அந்தக் கிளாசை அப்படியே கீழே வைத்துவிட்டு நீலத்தைத் தூக்கியிருக்கலாம். அவளுடைய வாய்க்குள் நடந்தது யாருக்குத் தெரியும்? தூக்கினாள், மூன்றாவதை. அடியில் மஞ்சள். வெம்பிளியில் இரண்டு கிளாசுகள் எழுந்தன. இரண்டிலும் மஞ்சள். எமில்டாவும் மஞ்சளைக் காட்டினாள்.

"எங்கடது இன்னும் திறமா இருக்கு," என்றாள் சுசிலா. "பிரிட்ஜில இடமில்லையெண்டு பின் கதவுக்கு வெளியில வைச்சனான். நல்ல குளிர்."

"என்ரது ஹீற்றருக்குப் பக்கத்தில இருந்தது," என்றாள் எமில்டா. "நல்லாத்தான் இருக்கு, ஆனால் சூடு."

கிளறிற்றா மேர்வினைப் பார்த்தாள். "உங்கட சாமான்தான் வெண்டது. தட்டை வைச்சிருங்கோ."

மேர்வின் ஒரு பொய்யைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைப்பவர் போல நாடியைத் தடவினார். "என்ரது சிவப்பு," என்றார் கடைசியில். "மஞ்சள் அந்தச் சும்மா தந்த போத்தல்."

"பொஜொலேயோ?"

"ஓம். ஆனால் உம்மட நீலமும் தோத்திட்டுது. கதை கதைதான். தட்டு எனக்கு."

"ஓம்," என்றாள் கிளறிற்றா. போத்தலில் மிச்சமிருந்த மஞ்சளை எடுத்துக்கொண்டு போய்ப் பின்கதவுக்கு வெளியே, குளிரில் வைத்தாள். அரை மணித்தியாலம் மற்றவர்களோடு ஊர்க்கதை கதைத்துவிட்டு, அதைக் கொண்டுவந்து மிக்சரோடு குடித்தாள். சுசிலா சொன்னது சரி.

திங்கட்கிழமை காலை மேர்வின் பிஸ்கற் ரின்களோடு கடைக்கு வந்தபோது கிளறிற்றா குளிர்பெட்டிக்கு முன்னால் முழந்தாளில் நின்றாள். தொலைபேசி காதுக்கும் தோளுக்கும் இடையில் இறுகியிருந்தது. விநியோகிப்பவரிடம் பொர்தோவை நிறுத்தி, பொஜொலேயை நத்தாருக்கு முன் அனுப்பச் சொல்லிக்கொண்டே, இரண்டு கையாலும் பியர் ரின்களை வெளியே எடுத்து நிலத்தில் அடுக்கினாள்.

"இஞ்சை, என்ன செய்யிறீர்?"

"பொஜொலே குளிரிலதான் இருக்கோணும்."

"அப்ப பியரை எங்கை வைக்கிறது?"

"தட்டு உங்கடதானே," என்றாள் கிளறிற்றா. கீழ் வரிசைக்குக் குனிந்தாள்.

மேர்வின் பிஸ்கற் ரின்களைக் கல்லாவில் வைத்தார். நிலத்தில் கிடந்த பியரைத் தூக்கித் தட்டில் அடுக்கத் தொடங்கினார்.