பொட்டலமாகிப் போன புத்தகம்

அக்கா வீட்டுக்காரர் குவைத்திலிருந்து கொண்டுவந்த வீடியோ கேமை எங்கள் வீட்டில் எல்லோரும் மிசின் என்றுதான் சொன்னார்கள். டிவியோடு இணைத்து விளையாடுகிற கறுப்புப் பெட்டி. அதில் செருக ஒரு கேசட், பிடித்து ஆட்ட இரண்டு கைப்பிடிகள், வழுவழுப்பான தாளில் அச்சடித்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்று. லீவு முடிந்து திரும்பும்போது அவர், "எலெக்ட்ரானிக்ஸ் படிச்சவ நீதான், நீயே மாட்டிக் குடு" என்று என்னிடம் விட்டுப் போனார். மற்றவர்கள் பெட்டியைச் சுற்றி நின்றார்கள். நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டேன்.

அப்போது மதுரையில் டிப்ளமா முடித்துவிட்டு போடியில் வீட்டோடு இருந்தேன். டிவி தயாரிக்கும் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது, கோயம்புத்தூரில். அப்பா போ என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கேட்டால் "பாப்போம்" என்பார். சேர வேண்டிய நாள் நெருங்கிய பிறகும் அதே 'பாப்போம்'தான். இந்த மிசினை ஒழுங்காக ஓட்டிக் காட்டினால், இவள் படித்தது வீண் இல்லை என்று அவருக்குத் தோன்றும் என்று நினைத்தேன்.

எனக்கு எதுவும் வரிசைப்படி நடக்க வேண்டும். முதலில் புத்தகம், அப்புறம் வயர், அப்புறம்தான் விளையாட்டு. அண்ணனுக்கு இந்த வரிசையே பிடிக்கவில்லை. அவன் மலைத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பு ஓட்டுகிறவன்.

"ஏ டிப்ளமா, இன்னும் எத்தன பக்கம்? நான் என்ன பொஸ்தகம் படிச்சா ஜீப்பு ஓட்டுறேன்?"

"மொத நாளு நடு வளைவுல நிறுத்திட்டு ரிவர்ஸு எங்க இருக்குன்னு தேடுனியே, அப்பப் படிச்சிருக்கலாம்ணே."

அவன் அவசரத்துக்காக வயர் மாட்டும் பக்கங்களை மட்டும் நிறுத்திப் படித்தேன். மிச்சத்தை மேலோட்டமாகப் புரட்டினேன். ஆன்டெனா வயரைக் கழற்றி மிசின் வயரைப் பூட்டியதும் திரையில் இரண்டு பீரங்கி வண்டிகள் வந்து நின்றன. அப்பா, "ம், ஓடுது" என்றார். எனக்கு அதுவே பெரிய விஷயம். புத்தகத்தை டிவியின் மேல் வைத்தேன். மறுநாள் அம்மாவோடு தேவாரம் ஊரில் ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பினேன். டிவியின் மேல் வெறும் அட்டைதான் இருந்தது.

எங்களுக்கு மலையில் கொஞ்சம் ஏலக்காய்த் தோட்டம் உண்டு. காயை ஏலத்துக்குக் கொண்டுபோகும் முன் தெரிந்த வியாபாரிகளுக்கு ஒரு பிடி சாம்பிள் கொடுத்து அனுப்புவது அப்பாவின் வழக்கம். செய்தித்தாளில் மடித்தால் அச்சு மை பச்சைக் காயில் ஒட்டிக் கறுத்துவிடும். அதனால் நல்ல தாள் எங்கே கண்டாலும் எடுத்து வைத்துக்கொள்வார். அன்றைக்கு அவர் கண்ணில் பட்டது என் புத்தகம்.

"அப்பா, அதுல பாதிகூட நான் படிக்கல!"

"அதான் மிசின் ஓடிருச்சுல்ல ஆத்தா. பெறகு பொஸ்தகம் எதுக்கு?"

"ஓடுனா போதுமா? எப்படி வெளையாடுறதுன்னு அதுலதான இருக்கு."

"கெணத்து மோட்டாருக்கும்தான் பேப்பரு வந்துச்சு. மாட்டுனவன் மாட்டிட்டுப் போனான், தண்ணி வருது. அத எவன் படிச்சான்?"

கிணற்று மோட்டாருக்கு ஒரே வேலை. இந்த மிசினிலோ ஒரு விசையைத் தட்டத் தட்டத் திரையின் மேல் ஓர் எண் மாறும். எண் மாறினால் ஆட்டமும் மாறும். எந்த எண்ணுக்கு எந்த ஆட்டம் என்ற அட்டவணை புத்தகத்தில் இருந்தது. திரையில் ஒரு வார்த்தை கிடையாது. கேசட்டுக்குள் இருக்கிற கொஞ்ச இடம் வண்டிக்கும் குண்டுக்குமே சரியாகப் போய்விடும், எழுத்துக்கு இடமில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால் கோபம் குறையவில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் தாளில் சொல்லிவிட்டு மிசின் ஊமையாக இருந்தால், தாள் போனபின் யாரைக் கேட்பது?

ஓர் எண்ணில் குண்டு சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. இன்னொன்றில் வண்டிகளே இல்லை, வெறும் திரை. கேசட் கெட்டுவிட்டது என்று அதைக் கழற்றித் துடைத்து மறுபடி செருகினேன். அப்போதும் இல்லை. கடைசியில் அண்ணன் கைதவறிச் சுடும் பொத்தானை அமுக்க, வண்டி பளிச்சென்று தெரிந்து மறைந்தது. அந்த ஆட்டத்தில் வண்டி கண்ணுக்குத் தெரியாதாம்! இதைச் சொல்ல ஒரு வரி போதும். எங்களுக்கு ஒரு சாயங்காலம் போனது.

"பாத்தியா, மிசினே சொல்லிக்குடுக்குது. செத்துச் செத்து வெளையாண்டா தானா வரும்" என்றான் அண்ணன்.

"எதனால செத்தன்னு சொல்லுதா?"

"அதச் சொல்ல ஒன்ன மாதிரி ஒருத்தி உள்ள ஒக்காந்திருக்கணும்."

ஞாயிற்றுக்கிழமைதான் பெரிய வம்பு வந்தது. அண்ணன் மிசினை ஓடவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான். யாரும் தொடாமல் கிடந்த திரையில் பச்சைத் தரை ஊதாவானது, ஊதா பழுப்பானது, வண்டிகளும் நிறம் மாறின. எங்கள் தெருவில் கலர் டிவி வாங்கிய முதல் ஆள் அப்பா. ஓடிவந்து வயரைப் பிடுங்கினார்.

"போச்சு. டிவி போச்சு. படிச்ச புள்ள மாட்டுன லட்சணம்!"

"டிவிக்கு ஒண்ணும் ஆகலப்பா. ஒரே படம் ரொம்ப நேரம் நின்னா கண்ணாடியில தழும்பு விழும். அது விழக்கூடாதுன்னு மிசினே கலர மாத்துது. பொஸ்தகத்துல போட்டிருந்துச்சு."

"எங்க போட்டிருக்கு? கொண்டா, காட்டு."

"காட்டணும்னா ஏலக்கா யாவாரிககிட்டதான் போயிக் கேக்கணும்" என்றான் அண்ணன் வாயில் சோற்றோடு.

மறுபடி வயரைச் சொருகிச் செய்தே காட்டினேன். விட்டு வைத்தேன், நிறம் மாறியது. விசையைத் தட்டினேன், பழைய நிறம் வந்தது. அப்பா கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.

"நீ தட்டுனா தெளியுது, விட்டா மறுபடி மாறுது. சீக்குன்னா அப்பிடித்தான் ஆத்தா."

கோயம்புத்தூர் அன்றைக்கே முடிந்துவிட்டது என்று நினைத்தேன். நிறம் மாறும் என்பது நான் புரட்டியபோது கண்ணில் பட்ட வரி. இங்கிலீஷ் வார்த்தைகள்கூட ஞாபகம் இருந்தன. ஆனால் எங்கள் வீட்டில் என் ஞாபகம் அச்சுக்கு ஈடாகாது.

அந்த வாரம் ஏலத்துக்குப் போன அப்பா கடுகடுவென்று திரும்பி வந்தார். பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்த வியாபாரி, "என்னண்ணே, காயில பெயிண்டு வாசம் அடிக்குது" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். காயை மோந்து பார்த்து வாங்குகிற ஊர் இது. மிச்சப் பொட்டலங்களை மேசையில் போட்டார்.

"இந்தா, ஒம் பொஸ்தகம்."

காயைத் தட்டில் கொட்டித் தாள்களை நீவி அடுக்கினேன். பாதிக்கு மேல் இல்லை. ஆனால் நான் தேடிய இடம் இருந்தது! அப்பாவைக் கூப்பிட்டுத் தமிழில் வாசித்தேன்.

"யாரும் விளையாடாமல் கொஞ்ச நேரம் விட்டுவைத்தால், திரையின் நிறங்கள்..."

அதோடு தாள் முடிந்தது. நேராக, அழகாக, அப்பாவின் கத்தரி.

"நிறங்கள்? என்ன ஆகும்?"

"மாறும்னு இருக்கும்ப்பா."

"இருக்கும்னா?"

"மிச்சம் அடுத்த துண்டுல. அது எந்த யாவாரிகிட்டப் போச்சோ!"

அப்பா என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். கடைசியில் துணி போட்டு மூடியிருந்த டிவியைப் பார்த்தார்.

"நீ கோயமுத்தூருக்கே போ ஆத்தா. அங்க போயி அவுக டிவியக் குடஞ்சு பாரு. நம்ம டிவி இதோட பொழச்சுக்கிறட்டும்."

அடுப்படியில் அம்மா சிரிக்கிற சத்தம் கேட்டது. நான் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் சந்தோஷப்பட விடாமல் அந்த அரை வரி நெஞ்சில் குறுக்கே நின்றது. "அது கெடலப்பா" என்றேன்.

"சரி, சரி. எனக்குச் சோலி கெடக்கு. வெரசா அந்த வயரக் கழட்டு."

கழற்றினேன். மிசின் வயரை எடுத்துவிட்டு ஆன்டெனா வயரைப் பழையபடி முறுக்கினேன். வயர் கழற்றுவதைச் சொல்லும் பக்கமும் திரும்பி வராத பொட்டலத்தில்தான் இருந்தது.

"பாத்தீகளா, பொஸ்தகம் இல்லாமலே கழட்டிட்டா" என்று அண்ணன் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னான்.