சுரங்கப்பாதைக்கு ஒரு கண்ணாடி

சலவைக்கூடத்தில் அவளுக்குப் பூனை என்று பெயர். வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. பத்தொன்பது வருடமாக நீராவி இஸ்திரி இயந்திரத்தின் முன் நிற்கிறாள். சட்டைக் கழுத்துக்குப் பன்னிரண்டு, கைக்கு எட்டு, தலையணை உறைக்குப் பதினைந்து. எண்ணி முடிக்கும்வரை மேல்பலகையை இறக்கிப் பிடிக்க வேண்டும். கூடினால் துணி பழுத்துவிடும், குறைந்தால் சுருக்கம் பல்லைக் காட்டும். நேரம் முடிந்ததும் அடிக்கிற மணி ஒன்று அந்த இயந்திரத்தில் இருந்தது. அது கெட்டு ஆறு வருடமாகிறது. இவள் இருக்கும்போது மணி எதற்கு என்று யாரும் சரிசெய்யவில்லை.

ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவள். தம்பி பிறந்தான், அம்மா வேலைக்குப் போனாள், குழந்தை இவள் இடுப்புக்கு வந்தது. விடை தெரிந்தாலும் கை தூக்காத பிள்ளை என்பதால், அவள் வராததை வகுப்பு கவனிக்கவே நான்கு நாள் ஆனதாம். இதைச் சிரித்துக்கொண்டே சொல்வாள், கணவரிடம் மட்டும்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். காலையில் மோட்டார் சைக்கிளில் அவளைச் சலவைக்கூடத்தில் இறக்கிவிட்டுத்தான் வேலைக்குப் போவார். வழியெல்லாம் அவர் பேசுவார், பின்னால் இருந்து அவள் பார்ப்பாள். அவருக்கு முதுகில் கண் இல்லை. அவளுக்கோ அவர் முதுகே முகம். கோபம், பசி, பல்வலி எல்லாம் தோளிலேயே தெரிந்துவிடும்.

அந்தத் தோள் ஒரே இடத்தில் மட்டும் தினமும் இறுகும். ரயில் பாதைக்குக் கீழே ஒரு சுரங்கப்பாதை. அதுவரை வெயில் நேராக முகத்தில் அடிக்கும், அதனால் அவர் கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பார். உள்ளே நுழைந்ததும் கும்மிருட்டு. இடது கை விரலால் கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளி, அதற்கு மேலாக எட்டிப் பார்த்து ஓட்டுவார். பன்னிரண்டு எண்ணினால் வெளியே வந்துவிடலாம்.

போன வாரம் அந்த விரல் கிளட்சில் இருந்தது. கண்ணாடியைத் தள்ள ஒரு நொடி பிந்திவிட்டது. எதிரே விளக்கில்லாமல் ஒரு சைக்கிள். வண்டி சுவரை உரசி நின்றது. யாருக்கும் அடியில்லை. ஆனால் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"நடுவழியில வந்து நிக்கிறான் பாரு, கண்ணு தெரியாதவன்," என்று திட்டினார். யாருக்குக் கண் தெரியவில்லை என்று அவள் கேட்கவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து சுரங்கம் வரும்போதெல்லாம் இருக்கைக்குப் பின்னால் இருந்த கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவரே கண்ணாடிக் கடைக்கு அழைத்துப் போனார். வெயிலில் தானாகக் கறுத்து, நிழலில் தானாகத் தெளியும் கண்ணாடி வந்திருக்கிறதாம். கையே வைக்க வேண்டாமாம். கடைப்பெண் ஒரு கண்ணாடியை நீல விளக்குப் பெட்டிக்குள் வைத்து எடுத்தாள். தண்ணீராக உள்ளே போனது காப்பியாக வெளியே வந்தது.

"பாத்தியா! இனிமே பைக்ல நம்ம சுரங்கத்துக்கு ராஜா," என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"உள்ள வந்தா தானா தெளிஞ்சிடும் சார்," என்று சொல்லிக்கொண்டே கடைப்பெண் உறையை எடுத்தாள்.

அவளுக்குத் தொண்டையில் ஒரு கேள்வி நின்றது. விழுங்கிப் பார்த்தாள். இறங்கவில்லை.

"எவ்வளவு நேரத்துல தெளியும்?"

"என்னக்கா?"

"எங்க வீட்டுப் பூனை பேசுதும்மா, காது குடுத்துக் கேளு," என்றார் கணவர்.

அவள் மறுபடி கேட்டாள். "கொஞ்ச நேரம்தான்க்கா," என்றாள் கடைப்பெண்.

கொஞ்ச நேரம் என்பது சட்டைக் கழுத்தா, போர்வையா? பத்தொன்பது வருடத்தில் அப்படி ஒரு கணக்கை அவள் கேட்டதில்லை.

"ஏங்க, இதைப் போட்டுக்கிட்டு வெளிய வெயில்ல நில்லுங்க. நான் கூப்பிட்டதும் நேரா அந்தத் திரைக்குப் பின்னால போங்க."

திரைக்குப் பின்னால் கண் பரிசோதிக்கும் அறை. விளக்கு அணைந்திருந்தது. அவர் சிரித்துக்கொண்டே போய் வெயிலில் நின்றார். கண்ணாடி நன்றாகக் கறுத்ததும் கூப்பிட்டாள். அவர் விறுவிறுவென்று உள்ளே வந்தார். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழில் தடாலென்று சத்தம்.

"யாருய்யா நடுவழியில ஸ்டூலைப் போட்டது?"

"சைக்கிள்காரனையும் அப்படித்தான் கேட்டீங்க," என்றாள்.

அவர் முழங்காலைத் தடவிக்கொண்டு வெளியே வந்தார். பன்னிரண்டில், "இப்போ சுரங்கம் முடிஞ்சிடுச்சு," என்றாள். கண்ணாடியின் கறுப்பு மாறவில்லை. அறுபதிலும் வரக்காப்பி நிறம். நூறில்தான் அவர் கண் மங்கலாகத் தெரிந்தது.

கடைப்பெண் உறையைக் கீழே வைத்தாள். "முழுசா தெளிய ரெண்டு மூணு நிமிஷம் ஆகும்க்கா. நடந்து போறவங்களுக்கு அது பெரிசா தெரியாது. நீங்க பைக்குக்குன்னு சொன்னப்பவே நான் சொல்லியிருக்கணும்."

"நான் கொஞ்சம் ஸ்டைலா இருந்தா இவளுக்குப் பொறுக்காது," என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்ற மனம் வரவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மொட்டை மாடி வெயில்லேருந்து லிஃப்ட் மோட்டார் ரூமுக்குள்ள போனதும் என்ன பண்ணுவீங்க?"

"வாசல்லயே நிப்பேன். கண்ணு பழகாம உள்ள கை வெச்சா விரல் நம்மளது இல்ல. எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கேன், அவசரப்படாதே, ரெண்டு நிமிஷம் நின்னு..."

அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

"சுரங்கத்து வாசல்ல ரெண்டு நிமிஷம் நிக்க முடியுமாங்க? பின்னால பஸ் வரும்."

அவர் கண்ணாடியைக் கழற்றி இரண்டு கைகளாலும் மடித்துக் கடைப்பெண்ணிடம் கொடுத்தார்.

தூசிக்கும் காற்றுக்கும் வெள்ளைக் கண்ணாடி ஒன்று வாங்கினார்கள். வெயிலுக்கு, நெற்றியில் தொப்பி விளிம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் ஹெல்மெட்டை இரண்டு கடை தள்ளி அவள்தான் கண்டுபிடித்தாள். தலையைச் சற்றுக் குனிந்தால் கண்ணுக்கு நிழல் விழும். நிமிர்ந்தால் உள்ளதெல்லாம் தெரியும்.

"இதைப் போட்டா கோழிக்கொண்டை மாதிரி இருக்கு," என்றார்.

"இருக்கட்டும். பின்னால உக்காந்திருக்கிற எனக்குத் தெரியாது."

திங்கட்கிழமை காலை வெயில் வழக்கம்போல் முகத்தில் அடித்தது. சுரங்கத்து வாசலில் அவர் வேகத்தைப் பாதியாகக் குறைத்தார். தலையை நிமிர்த்தினார். இரண்டு கையும் வண்டியிலேயே இருந்தன. எதிரே அதே சைக்கிள், இன்றும் விளக்கில்லை. அவளுக்கு முன்னால் அவர் பார்த்துவிட்டார். ஹாரனைச் செல்லமாக ஒரு தட்டுத் தட்டி ஒதுங்கினார்.

"லைட்டைப் போடுய்யா மாமா!"

வெளிச்சத்துக்கு வந்தபோது அவள் கைகள் மடியில் இருந்த சாப்பாட்டுப் பையின் மேல் இருந்தன. கம்பியைப் பிடிக்க மறந்திருந்தாள்.

"எத்தனை எண்ணின?" என்று திரும்பாமல் கேட்டார்.

யோசித்துப் பார்த்தாள். எண்ணவே இல்லை.

"ரோட்டைப் பாத்து ஓட்டுங்க," என்றாள்.