துண்டுக்குள் சுட்ட கை

மிளகுத் தரகில் முகத்தைப் படிக்க விட்டவன் பிழைத்ததில்லை. கொழுப்புக்கு மாத்திரை விழுங்கும் சக பாவிகளே, எண்பதுகளின் தொடக்கத்தில், கொச்சி மட்டாஞ்சேரியில், ஒரு மாத்திரை என் முகத்தைப் பகிரங்கமாக்கிவிட்டது.

மூன்றா, இரண்டா

ரத்தத்தில் கொழுப்பு ஏறியிருக்கிறது என்றார் மலையாளி டாக்டர். என் அண்ணன் நாற்பத்தாறு வயதில் கடை வாசலில் நெஞ்சைப் பிடித்துச் சரிந்தவர். எனக்கு அப்போது நாற்பத்தைந்து. நியாசின் மாத்திரை, தினம் மூன்று, சாப்பாட்டுக்குப் பிறகு என்று எழுதினார். பழக்கதோஷம், "ரெண்டாக்கிடுங்க, முடிச்சிடலாம்" என்றேன்.

"இது மிளகில்ல, கேட்டோ. இதுல குறைக்கிறது உங்க ஆயுசைத்தான்."

வெறும் வயிறு

மறுநாள் அவசரத்தில் வெறும் வயிற்றில் போட்டு, மேலே சூடாக ஒரு சாயா. அரை மணியில் காது, கழுத்து, முகமெல்லாம் நெருப்பு. அண்ணனுக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டது என்று மனைவியிடம் கத்தினேன். அவள் கண்ணாடியை எடுத்து நீட்டினாள்.

"இருபது வருஷமா உங்களுக்குக் கோபம் வந்தா இதே நிறம்தானே?"

ஒரு விரல்

எங்கள் பண்டகசாலைகளில் விலையை வாயால் பேசுவதில்லை. கைமேல் துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்துச் சொல்வோம்; ஒரு விரல் கூடினால் விலை ஒரு படி ஏறும். மாத்திரை சூட்டோடு ஒருநாள் மிளகு வாங்க வந்த குஜராத்தி சேட்டிடம் கை கொடுத்தேன். கை சுட்டதும் அவர் என் சிவந்த முகத்தைப் பார்த்தார். துண்டுக்குள் அவர் பிடி தளர்ந்தது.

"கோபப்படாதீங்க அண்ணாச்சி, இன்னும் ஒரு விரல் சேர்த்துப் பிடிச்சுக்குங்க."

சந்தை நாள் வைத்தியம்

அதோடு புத்தி கெட்டது. வியாபாரம் உள்ள நாளில் மட்டும் மாத்திரை, மற்ற நாளில் இல்லை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் கொழுப்பு இறங்கவே இல்லை. நாற்பத்தாறு பிறக்க மூன்று வாரம். இரவெல்லாம் இடது கையைத் தடவிக்கொண்டே கிடந்தேன். டாக்டரிடம் போய் உண்மையைச் சொன்னேன். தினமும் சாப்பிட்டால் உடம்பு பழகி எரிச்சல் அடங்கும், விட்டு விட்டுப் போட்டால் எரிச்சல் மட்டும்தான் மிஞ்சும் என்று விளக்கிவிட்டுக் கேட்டார்.

"அப்போ சேட்டைப் பயமுறுத்தத்தான் நான் மருந்து எழுதினேனா?"

குளிர்ந்த கை

அதற்குப் பிறகு ஒருநாள் தவறாமல், சோறு உண்டபின், சாயாவைத் தள்ளிவைத்து விழுங்கினேன். சில வாரத்தில் எரிச்சல் போனது, அடுத்த சோதனையில் கொழுப்பும் இறங்கியது. நிறுத்தலாமா என்று கேட்க வாயெடுத்து, டாக்டர் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன். சேட்டு மட்டும் துண்டுக்குள் என் கையைத் தடவிப் பார்த்தார்.

"கை சில்லுன்னு இருக்கே அண்ணாச்சி, அப்போ பழைய விலைதான்."

அண்ணன் தாண்டாத வயதை நான் தாண்டி வந்துவிட்டேன், அந்த ஒரு விரல்தான் அதற்குப் பிறகு கிடைக்கவே இல்லை.